குளிருதோ? அப்ப சரி

மார்கழி விடியலில் சென்னை எலியட்ஸ் கடற்கரைக்கு ஓடப் போனால் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். வெப்பமானி 21 டிகிரி காட்டும். எதிரே நடந்து வருகிறவர் மங்கி குல்லாவுக்குள் முகத்தைப் புதைத்து, அதற்கு மேல் மஃப்ளரையும் சுற்றியிருப்பார். பனியனும் அரைக்கால் சட்டையுமாக அவரைக் கடந்து ஓடும்போது உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பல வருடச் சிரிப்பு. அதற்கான வட்டியை நார்வேயின் டிரோம்சோவில் மொத்தமாகக் கட்டினேன்.

டிரோம்சோ ஒரு தீவு நகரம். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இன்னும் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தொடுவானத்துக்கு மேலே வரும். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் அதன் முகம் தெரிய ஜனவரி 21 ஆகிவிடும். அன்று ஊரே ‘சூரிய பன்’ வாங்கித் தின்று கொண்டாடும். இந்த இருட்டுக் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மொர்க்கெதீத்’. அந்த இருட்டிலேயே, ஜனவரித் தொடக்கத்தில், ஓர் அரை மாரத்தானும் நடத்துகிறார்கள். அதோடு சேர்ந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். கல்லூரி நண்பன் ஒருவன் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். தங்க இடமும், வா பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் அவன் கொடுத்தது.

இவ்வளவு வடக்கே இருக்கும் ஊர் உறைந்து கிடக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேக் கரையை உரசியபடி வடக்கே ஏறுவதால், துறைமுகத் தண்ணீர் ஜனவரியிலும் அலையடித்துக்கொண்டிருந்தது. ஜனவரியின் சராசரி வெப்பம் மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான். நான் இறங்கிய அன்றும் அதே மைனஸ் 4. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றியது முதல் தவறு. அப்படித் தோன்றிய பிறகும், கையில் இருந்ததையெல்லாம் மாட்டிக்கொண்டது இரண்டாவது தவறு.

பருத்திப் பனியன். அதன் மேல் முழுக்கை டி-ஷர்ட், அதுவும் பருத்தி. ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, நண்பனின் வாத்து இறகு அடைத்த பெரிய ஜாக்கெட். காலுக்கு இரண்டு பேன்ட். கண்ணாடியில் பார்த்தால் ஓடப் போகிறவன் போலத் தெரியவில்லை, மெத்தை கட்டிய பஞ்சு வியாபாரி போலத் தெரிந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தேன். துளி குளிரவில்லை. வெற்றி பெற்ற உணர்வோடு ஓடத் தொடங்கினேன்.

காலை பதினோரு மணி. சூரியன் இல்லையே தவிர, முழு இருட்டும் இல்லை. வானம், பனி, கடல், வீட்டுக் கூரை எல்லாம் ஒரே நீலத்தில் தோய்ந்திருந்தன, வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்ட வாளிக்குள் ஊர் மூழ்கியது போல. ஒரு கிலோமீட்டரில் கழுத்து வேர்த்தது. இரண்டாவது கிலோமீட்டரில் முதுகுத்தண்டு வழியே வியர்வை ஓடுவது தெரிந்தது. ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதி இறக்கினேன். பிறகு முழுவதும்.

தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் பாலம் 1960இல் திறக்கப்பட்டது. நீளம் 1,036 மீட்டர். கப்பல்கள் அடியில் போகவேண்டும் என்பதற்காக நடுவில் முதுகை உயர்த்தியிருக்கும். அந்த உச்சியில் நின்றால் எதிர்க்கரையில் ஆர்க்டிக் கதீட்ரல் என்று எல்லோரும் அழைக்கும் தேவாலயம் தெரியும். 1965இல் கட்டியது, பனிப்பாளங்களைச் சாய்த்து அடுக்கியது போன்ற வெள்ளை முக்கோணம். படம் எடுக்க நின்றேன். கையுறையைக் கழற்றிக் கைப்பேசியை நீட்டினேன். 60 சதவீதம் மின்சாரம் காட்டிய பேட்டரி, குளிர்பட்டதும் செத்துப்போனது.

அப்போதுதான் காற்று வந்தது. அதுவரை அடிக்காமல் இல்லை, நான் அதற்கு முதுகைக் காட்டி ஓடிவந்திருக்கிறேன். திறந்திருந்த ஜாக்கெட்டுக்குள் நுழைந்து, நனைந்த பனியனை உடம்போடு ஒட்டவைத்தது. ஈரப் புடவையைப் பிழியாமல் மார்பில் சுற்றியது போல ஒரு சில்லிப்பு. பல் கிட்டியது. மறுபடி ஓடிச் சூடேற்றலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. நடந்தேன். வீட்டை அடைந்தபோது விரல்கள் மரத்துப்போய், சாவியைப் பிடிக்க முடியாமல், முழங்கையால் அழைப்புமணியை அழுத்தினேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு நண்பன் ஒருவரை அழைத்திருந்தான். காரைநகர்க்காரர். அறுபதைத் தொட்டவர். 1980களில் நார்வேயின் மக்கள் உயர்பள்ளி ஒன்றில் மாணவராகச் சேர்ந்து, பிறகு வடகோடி ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது டிரோம்சோவில் பஸ் ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் ஃபின்மார்க்கின் கடற்கரைச் சிற்றூர்களில் மீன் வெட்டப் போன ஈழத் தமிழர்கள் பலர். நண்பன் அவரை ‘அண்ணை’ என்றான். நான் என் வழக்கப்படி ‘அண்ணே’ என்றேன். என் கதையை நண்பன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை.

“உள்ளுக்கை என்ன போட்டிருந்தீங்கள், தம்பி?”

“பனியன் அண்ணே.”

“பருத்திப் பெனியனோ? அது எங்கட ஊருக்குச் சரி. வேர்வையைக் குடிச்சுப்போட்டு விடாமல் வைச்சிருக்கும். அங்கை அது சுகம். இஞ்சை அதுதான் ஆளைக் கொல்லும்.”

பிறகு தன் தொழிற்சாலைக் கதையைச் சொன்னார். மீன் வெட்டும் மேசையில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். “ரெண்டு பேருக்கும் ஒரே குளிர்தான். ஆனால் உடுப்பு வேறை. மேசையிலை நிக்கிறவர் தடிப்பாய்ப் போடவேணும். பெட்டி தூக்கிறவர் அதைப் போட்டால் அரை மணித்தியாலத்திலை நனைஞ்சு போவார், தேத்தண்ணிக்கு நிண்டவுடனை நடுங்குவார். நீங்கள் பெட்டி தூக்கிற ஆள், தம்பி. போட்டுக்கொண்டு போனது மேசையிலை நிக்கிறவற்றை உடுப்பு.”

குளிரில் ஓடுவது பற்றி அதற்கு முன்னும் பின்னும் நான் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு, பழைய குண்டு பல்பு போலச் சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறது. மிதமான வேகத்தில் ஓடும்போது அது ஆறேழு மடங்காகிறது. ஓடச் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்கு காலை நகர்த்துவதற்குப் போவதில்லை, வெறும் சூடாகிறது. அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே கம்பளத்தைப் போர்த்தினால் நனையத்தான் வேண்டும். நனைந்தபின் நின்றால், கணக்கு தலைகீழாகும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எனவே ஓடுகிறவருக்கு வெளியே இருக்கும் குளிரைவிட உள்ளே ஊறும் வியர்வைதான் பெரிய பகை. வெளியே இருக்கும் வெப்பத்தோடு 10 டிகிரியைக் கூட்டிக்கொண்டு, அந்தக் குளிருக்கு எப்படி உடுத்துவோமோ அப்படி உடுத்து என்பது ஓட்டக்காரர்களின் எளிய கணக்கு. மைனஸ் 4 என்றால் 6 டிகிரிக்கு உடுத்தவேண்டும். முதல் பத்து நிமிடம் குளிரும். குளிரவேண்டும்.

மறுநாள் நண்பன் கடைக்கு அழைத்துப் போனான். ‘உல் ஆர் குல்’ என்று நார்வேக்காரர்கள் எதுகையோடு சொல்வார்கள்: கம்பளி என்றால் தங்கம். நம் ஊர்க் கம்பளியின் சொரசொரப்பை எதிர்பார்த்துத் தொட்டேன், மல்லுத்துணி போல வழுக்கியது. மெரினோ ஆட்டின் மெல்லிய ரோமம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். செயற்கை இழைச் சட்டைகளும் உண்டு. விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் மறுநாள் அதன் வாசனை வீட்டையே எழுப்பும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே காற்றைத் தடுத்து ஆவியை வெளியே விடும் மெல்லிய ஜாக்கெட். என் ஓட்டத்துக்கு இவ்வளவு போதும் என்றான். மைனஸ் 10க்குக் கீழே போனால் நடுவில் இன்னொன்று.

கம்பளிகளுக்கு நடுவே ஒரு வினோதம் தொங்கியது. முழுக்க ஓட்டைகளாலான பனியன். நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் 1933இல் ஹெர்ரிங் மீன்வலையை வெட்டித் தைத்துப் பார்த்ததில் பிறந்தது இந்த வலைப் பனியன். ஓட்டையில் என்ன கதகதப்பு என்று கேட்கத் தோன்றும். சூட்டைப் பிடித்துவைப்பது நூலைவிட அதிகமாக, அசையாமல் நிற்கும் காற்று. ஒவ்வொரு கண்ணும் ஒரு சிறு காற்றறை. அதன் வழியே வியர்வையும் தோலில் தங்காமல் மேல் அடுக்குக்குப் போய்விடும். அண்ணையிடம் பிறகு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்து தன் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னார். 1956இலேயே நார்வே வந்து சேர்ந்த முதல் தமிழர் அந்தோனி ராஜேந்திரம் குருநகர்க்காரர். அவர் முயற்சியில் யாழ்ப்பாணக் கரையில் எழுந்த ‘சீநோர்’ நிறுவனம் படகும் வலையும் செய்தது. “வலை எங்களுக்கு மீன் பிடிக்க, இவங்களுக்குச் சூடு பிடிக்க” என்றார்.

ஆண்களுக்கான உள்ளாடை வரிசையில் முன்பக்கம் மட்டும் காற்றுத் தடுப்புத் துணி வைத்துத் தைத்த ஒன்று இருந்தது. இதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்றேன். நண்பன் சிரிக்காமல் ஒரு மருத்துவக் குறிப்பைச் சொன்னான். 1977இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான கடிதம். 53 வயது மருத்துவர், மைனஸ் 8 டிகிரியில், கையுறை, ஸ்வெட்டர், மேல் ஜாக்கெட் எல்லாம் சரியாக அணிந்து, கீழே மட்டும் சாதாரண பாலியெஸ்டர் பேன்ட்டோடு அரை மணி நேரம் ஓடியிருக்கிறார். பனிக்கடி எங்கே தொடங்கியது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். மறுபேச்சில்லாமல் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன்.

கைக்கு ஐந்து விரல் கையுறையா, விரல்கள் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கும் உறையா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. குளிர் பட்டதும் உடம்பு முதலில் செய்வது, கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காப்பது. குடும்பத்தில் தலைப்பிள்ளைகளைக் காப்பாற்றக் கடைக்குட்டிகளைப் பட்டினி போடும் கதை. விரல்கள் ஒரே பைக்குள் இருந்தால் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொள்ளும். தலை வழியே பாதிச் சூடு போய்விடும் என்று சின்ன வயதில் கேட்டது பொய். தலை தன் பரப்பளவுக்கு ஏற்ப ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் விடுகிறது. ஆனாலும் காதை மூடவேண்டும், குல்லாவும் வேண்டும். வேர்க்கத் தொடங்கினால் சட்டென்று கழற்றிச் சட்டைப்பையில் செருக முடிகிற ஒரே உடுப்பு அதுதான். குக்கருக்கு வெயிட் போல.

காலில்தான் நான் நினைத்திராத விஷயம். இந்த ஊரில் நடு ஜனவரியிலும் சில நாள் மழை பெய்யும். பனி உருகி, இரவில் மறுபடி உறைந்து, தெரு கண்ணாடியாகிவிடும். அதற்காக அடியில் உலோக முளைகள் பதித்த சப்பாத்து இருக்கிறது. நண்பன் தன் ஜோடியைக் கடன் கொடுத்தான். அளவு சற்றுப் பெரிது. நல்லதுதான் என்றான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று, போட்டது எதுவும் பயன்படாது. கடைசியாக ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டைகள். இருட்டு உடையில் நடப்பவரைத் தாழ்ந்த விளக்கோடு வரும் கார் ஓட்டி சுமார் 30 மீட்டரில்தான் பார்க்கிறார். பட்டை இருந்தால் 140 மீட்டரிலேயே. பள்ளிக்குப் போகும் வாண்டுகள் முதல் ஊன்றுகோல் பாட்டிகள் வரை எல்லோர் உடம்பிலும் இது மின்னிக்கொண்டிருந்தது. நாய்கள் உட்பட.

மாலையில் தனியாக போலார் மியூசியத்துக்குப் போனேன். துறைமுகத்தை ஒட்டிய பழைய மரக் கிடங்கு. 1928 ஜூன் 18 அன்று ரோல்ட் அமுண்ட்சன் இதே ஊரிலிருந்துதான் விமானத்தில் கிளம்பினார், வடதுருவப் பயணத்தில் சிக்கிக்கொண்ட இத்தாலியர் நொபிலேயைத் தேடி. திரும்பி வரவில்லை. சரியாக ஐம்பது வருடம் கழித்து அதே தேதியில் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள்.

தென்துருவத்தை முதலில் தொட்டவர் அமுண்ட்சன் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். 1911 டிசம்பர் 14. அந்த வெற்றியின் வேர் அதற்கும் பல வருடம் முந்தையது. 1903 முதல் 1905 வரை கனடாவின் வடக்கே ஒரு விரிகுடாவில் கப்பலை நிறுத்தி இரண்டு குளிர்காலம் கழித்தபோது, அருகில் வாழ்ந்த நெட்சிலிக் இனூயிட் மக்களிடம் அவர் மாணவரானார். கலைமான் தோலில் இரண்டு அடுக்கு உடுப்பு. உள் அடுக்கின் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளி அடுக்கின் ரோமம் உலகத்தைப் பார்த்து. இரண்டும் தொளதொளவென்று, நடுவில் காற்று உலவும்படி. இறுக்கிக் கட்டிய ஐரோப்பிய உடைக்குப் பழகியவருக்கு அது புதிய பாடம். வேர்க்கும்படி உழைக்காதே, வேர்த்தால் காயவிடு என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கியவர்களும் நெட்சிலிக் வேடர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று தோன்றியது.

மறுநாள் ஒத்திகை. புதுக் கம்பளி, மெல்லிய ஜாக்கெட், ஒற்றைக் காற்சட்டை. வாசலில் நின்றபோது காற்று எல்லா இடத்திலும் கிள்ளியது. உள்ளே ஓடிப்போய் ஸ்வெட்டரை எடுத்துவரலாமா என்று கை பரபரத்தது. இந்த முறை முதலில் காற்றை எதிர்த்து ஓடினேன். உடம்பு காய்ந்திருக்கும்போது எதிர்க்காற்றை வாங்கிவிட்டு, வேர்த்த பிறகு அதை முதுகில் வைத்துக்கொண்டு திரும்பவேண்டும். பாலத்தில் நான் செய்தது இதற்கு நேர் எதிர். மைனஸ் 4 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று அடித்தால், முகத்துக்கு அது மைனஸ் 11 போல உறைக்கும். 2001 முதல் கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. காற்றே இல்லாத நாளிலும், மணிக்கு பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் பத்து கிலோமீட்டர் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

கழுத்தில் மாட்டும் துணி வளையத்தை மூக்குவரை இழுத்துவிட்டேன். உலர்ந்த குளிர்காற்று நேராகத் தொண்டையில் இறங்கினால் ஓடி முடித்ததும் வறட்டு இருமல் பிடிக்கும். துணி வழியே போனால் மூச்சின் சொந்த ஈரமும் சூடும் கலந்து இறங்கும். சிறிது நேரத்தில் அந்தத் துணி வெளிப்பக்கம் விறைத்து அப்பளமானது. இமை மயிரில் வெண்முத்து கோத்தது. ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்தில், யாரோ உள்ளே ஒரு ஸ்விட்சைப் போட்டது போல விரல்களுக்குச் சூடு திரும்பியது. அதன் பிறகு குளிர் என்னோடு சேர்ந்து ஓடியது. எதிராக இல்லை.

ஓட்ட நாள் மைனஸ் 8. பிற்பகல்தான், ஆனால் நள்ளிரவு போலக் கறுத்திருந்தது. ஸ்டூர்காத்தா என்னும் கடைத்தெருவில் நூற்றுக்கணக்கான நெற்றி விளக்குகள். அமைதியாக நிற்கும் வெளிச்சங்களின் கூட்டம், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மூச்சுப் புகை. எங்கள் ஊர் ஓட்டங்களில் கேட்கும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பழகியவனுக்கு, பனியில் ஆயிரம் முளைகள் தேயும் கரகரப்பே மேளமாக இருந்தது.

அண்ணைக்கு அன்று வேலை மதியத்தோடு முடிந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மட்டும் பெரிய ஜாக்கெட், தடித்த குல்லா, முழங்கால் வரை பூட்ஸ். வேடிக்கை பார்க்க நிற்கப் போகிறவரின் உடுப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குளிருதோ, தம்பி?”

“நல்லாவே குளிருது அண்ணே.”

“அப்ப சரி.”

முதல் நாள் என்னைக் கவிழ்த்த அதே வாத்து இறகு ஜாக்கெட்டை நண்பனிடமிருந்து வாங்கித் தன் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். துப்பாக்கி வெடித்தது. ஓடினேன். கடலோர வீடுகளின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. தெருவோரத்தில் பிள்ளைகள் தடித்த உறைக்குள்ளிருந்து கை நீட்டி எங்களைத் தட்டி அனுப்பினார்கள். ஏழாவது கிலோமீட்டரில் குல்லாவைக் கழற்றினேன், எட்டில் மறுபடி மாட்டினேன். வேகமாக ஓடவில்லை. நனையாமல் ஓடினேன்.

எல்லைக்கோட்டைத் தாண்டி நின்று, குனிந்து, மூச்சு வாங்கினேன். நின்ற கணமே முதுகில் முதல் சில்லிப்பு தொட்டது. நிமிர்வதற்குள் தோளில் கனமாக ஏதோ விழுந்தது. ஜாக்கெட். அண்ணை ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

“கழட்டாதேங்கோ. இப்ப நீங்கள் மேசையிலை நிக்கிற ஆள்.”